பேண்ட்சா பிளேடு ஏன் அறுந்துபோகிறது? ரம்பம் காட்டும் அறிகுறிகளும் பராமரிப்பும்

பால் வற்றிய ரப்பர் மரத்தின் கதை தோட்டத்தோடு முடிவதில்லை. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரத்தைச் சாய்த்து, துண்டு போட்டு, லாரியில் மர ஆலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே அறுத்து, மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகைதான் மூவார் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் நாற்காலியாகவும் மேசையாகவும் உருமாறிக் கப்பல் ஏறுகிறது. ஒரு காலத்தில் அடுப்பெரிக்கவும், ஷீட் ரப்பருக்குப் புகை போடவும் மட்டுமே பயன்பட்ட விறகு அது.

இந்த மாற்றத்தின் நடுவில் நிற்கும் இயந்திரம் பேண்ட்சா. பெரிய மர ஆலையில் ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கும். தச்சுப் பட்டறையில் நெஞ்சளவு உயரத்தில் இருக்கும். வேலை ஓய்வு பெற்ற பிறகு வீட்டின் கார் கொட்டகையில் சின்னதாக ஒன்றை வாங்கிப் போட்டு, பூஜை மேசையும் அலமாரியும் செய்து கொடுப்பவர்களும் நம்மிடையே உண்டு. அளவு எதுவானாலும் இவர்கள் எல்லாரிடமும் கேட்கும் புகார் ஒன்றுதான்: "பிளேடு நிற்க மாட்டேன்கிறது, மட்டமான சரக்கு."

சரக்கு மட்டமாக இருக்கும் சமயமும் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்ட பிளேடைக் கையில் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் குற்றவாளி வேறு இடத்தில் இருப்பது தெரியும். தேய்ந்த டயர், விலகிய கைடு, அளவுக்கு மீறிய இழுப்பு, பொருந்தாத பல் கணக்கு, மழுங்கிய பிறகும் தள்ளி அறுக்கும் கை ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். இவற்றைச் சரி செய்யாமல் புதுப் பிளேடு மாட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஒரு மணி நேரத்தில் 45,000 வளைவு

பேண்ட்சாவின் அமைப்பு எளிது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். கீழ்ச் சக்கரத்தை மோட்டார் சுற்றுகிறது. மேல்சக்கரம் பிளேடை இழுத்துப் பிடிக்கிறது. அதைச் சற்றுச் சாய்த்துத்தான் பிளேடு ஓடும் இடத்தைச் சரிசெய்கிறோம். சிறிய இயந்திரங்களில் இரண்டு சக்கரத்தின் மேலும் ரப்பர் டயர் இருக்கும். மேசைக்கு மேலும் கீழும் இருக்கும் கைடுகள் பிளேடு பக்கவாட்டில் ஆடாமல் தடுக்கின்றன. மரத்தைத் தள்ளும்போது பிளேடு பின்னால் போகாமல் முதுகில் ஒரு பேரிங் தாங்கிக்கொள்கிறது.

பட்டறைகளில் பரவலாக இருக்கும் 14 அங்குல இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிளேடு நீளம் பெரும்பாலும் 93½ அங்குலம், அதாவது சுமார் 2.37 மீட்டர். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அது ஓடினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிளேடின் ஒவ்வோர் இடமும் இரண்டு சக்கரத்திலும் வளைந்து நிமிர்கிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 45,000 தடவைக்கு மேல் வருகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். பிளேடுக்கும் அதே களைப்புதான்.

சக்கரம் சிறிதாக இருந்தால் வளைவு கூர்மையாகும். தடித்த பிளேடு சீக்கிரம் களைக்கும். சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிளேடின் தடிப்பு இருக்க வேண்டும் என்பது மர ஆலைக்காரர்களின் பழைய கணக்கு. சிறிய இயந்திரங்களில் அந்தக் கணக்கை அப்படியே கடைப்பிடிக்க முடிவதில்லை. ஆனாலும் "தடிப்பாக இருந்தால் உறுதியாக இருக்கும்" என்று நினைத்து, சின்னச் சக்கரத்துக்குத் தடித்த பிளேடு வாங்குவது வீண் செலவு.

இந்த இயந்திரத்தின் வரலாறும் இதே விஷயத்தைத்தான் சொல்கிறது. முடிவில்லாமல் சுற்றும் ரம்பத்துக்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி காப்புரிமை பெற்றது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. ஆனால் பிளேடின் இரு முனைகளையும் ஒட்டிய இடம் வளைவைத் தாங்காமல் விட்டுப்போனது. பிரான்ஸைச் சேர்ந்த கிரெபான் என்ற பெண்மணி 1846இல் முனைகளை ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் பேண்ட்சா தொழிலுக்கு வந்தது. இன்றைக்கும் பிளேடின் பலவீனமான இடம் அந்த ஒட்டுதான்.

அறுந்த பிளேடைத் தூக்கி எறியாதீர்கள்

அறுந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் எங்கிருந்து தொடங்கியது என்பதே பாதிப் பதில்.

விரிசல் இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்திலிருந்து தொடங்கியிருந்தால், பிளேடு அளவுக்கு மேல் இழுக்கப்பட்டிருக்கிறது, அல்லது மழுங்கிய பல்லை வைத்துக்கொண்டு மரத்தைப் பலமாகத் தள்ளியிருக்கிறீர்கள். சாணை பிடித்தவர் அந்தப் பள்ளத்தை வளைவாக விடாமல் கூர்மூலையாகத் தேய்த்திருந்தாலும் இதேதான் நடக்கும். விரிசலுக்கு மூலை என்றால் மிகவும் பிடிக்கும்.

விரிசல் முதுகிலிருந்து தொடங்கியிருந்தால் பின் பேரிங்கைப் பாருங்கள். அது பிளேடை எந்நேரமும் தொட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அல்லது சுற்றாமல் இறுகி நின்றிருக்கலாம். உரசி உரசி முதுகு சூடேறி, கெட்டியாகி, உடையும் தன்மைக்கு வந்துவிடுகிறது. பேரிங்கின் முகத்தில் ஆழமான கோடு விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். புதுப் பேரிங்கின் விலை ஒரு பிளேடின் விலையை விடக் குறைவு.

ஒட்டிலேயே அறுந்திருந்தால் மட்டும் கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஒட்டிய பிறகு அந்த இடத்தை மறுபடி சூடாக்கி மெதுவாக ஆறவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஒட்டு கண்ணாடி மாதிரி உடையும். புதுப் பிளேடு வாங்கும்போதே ஒட்டின் மேல் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மேடு தட்டக்கூடாது; முதுகை ஒரு நேர்ச்சட்டத்தில் வைத்தால் ஒட்டு இருக்கும் இடத்தில் கோணல் தெரியக்கூடாது.

அறுவதற்கு முன் பிளேடு பல நேரங்களில் சத்தம் கொடுக்கும். சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று கேட்டால், ஒட்டு கைடில் தட்டுகிறது அல்லது எங்கோ விரிசல் விழுந்திருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கையுறை போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பிளேடு முழுவதையும் பாருங்கள். "இந்த ஒரு பலகையை மட்டும் முடித்துவிடுவோம்" என்ற எண்ணம் வரும் நேரம் அதுதான். அந்தப் பலகை காத்திருக்கும்.

கோடு விலகுகிறது, கருகுகிறது, கழன்று விழுகிறது

வெட்டு ஒரே பக்கமாக இழுக்கிறது என்றால் முதலில் பல்லைப் பாருங்கள். பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி விரிந்திருக்கும். ஆணியில் பட்டு ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கினால், பிளேடு கூராக இருக்கும் பக்கம் ஓடும். கைடை எவ்வளவு இறுக்கினாலும் இது நிற்காது. பல் இரு பக்கமும் நன்றாக இருந்தும் லேசாக விலகினால், அந்தப் பிளேடின் இயல்பான ஓட்டக் கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். பலகையில் நேர்கோடு போட்டு, பக்கச் சட்டம் இல்லாமல் கையாலேயே கோட்டின் மேல் பாதி தூரம் அறுத்து நிறுத்துங்கள். பலகை நிற்கும் கோணத்துக்குப் பக்கச் சட்டத்தைத் திருப்பி வையுங்கள்.

உயரமான கட்டையை அறுக்கும்போது வெட்டு முகம் நேராக இல்லாமல் வயிறு தள்ளியது போல வளைந்திருந்தால், இழுப்புக் குறைவு அல்லது பல் நெருக்கம். கோட்டில் மேலே சரியாக இருந்தும் நடுவில் பலகை மெலிந்துபோவது இதனால்தான். பற்களுக்கு இடையில் இருக்கும் பள்ளம் தூளை வெளியே கொண்டுபோகும் கூடை போன்றது. கூடை நிறைந்துவிட்டால் பிளேடு வெட்டாது. வழி தேடி வளையும், சூடேறும், மரத்தைக் கருக்கும்.

பல் கணக்கு இங்கேதான் முக்கியம். அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடில் 2 அங்குலப் பலகை அறுத்தால் 6 பல் மரத்துக்குள் இருக்கும். 6 அங்குலக் கட்டை என்றால் 18. இரண்டும் சரி. அதே 6 அங்குலக் கட்டைக்குள் அங்குலத்துக்கு 10 பல் உள்ள பிளேடைத் தள்ளினால், 60 பல் நெருக்கியடித்துக்கொண்டு தூளை வெளியேற்ற வழியில்லாமல் எரியும். மெல்லிய பலகைக்கு மறுபக்கக் கணக்கு: குறைந்தது 3 பல்லாவது எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் மாட்டிப் பலகை துள்ளும். எல்லா வேலைக்கும் ஒரே பிளேடு என்பது சிக்கனமாகத் தெரியும், உண்மையில் சிக்கனமில்லை. கட்டை அறுக்க ஒன்று, பொது வேலைக்கு ஒன்று, வளைவு வெட்ட குறுகலான ஒன்று என்று மூன்று இருந்தால் மூன்றுமே நீண்ட நாள் வரும்.

பிளேடு சக்கரத்திலிருந்து கழன்றால் டயரைத் தடவிப் பாருங்கள். பிசினும் தூளும் சேர்ந்து மேடு கட்டியிருக்கும், அல்லது நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். வளைவு வெட்டும்போது ஓடும் பிளேடோடு மரத்தைப் பின்னால் இழுப்பதும் ஒரு காரணம். வெளியே வர வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. புதுப் பிளேடு கொஞ்சமும் வெட்டவில்லை என்றால் கடைக்குப் போகும் முன் பல்லின் திசையைப் பாருங்கள். மேசை இருக்கும் பக்கத்தில் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால், சட்டையை உள்ளும் வெளியும் திருப்புவது போலப் பிளேடைத் திருப்பி மாட்டினால் போதும். அனுபவசாலிகளே சில சமயம் இதில் ஏமாறுகிறார்கள்.

ரப்பர் மரத்தின் குணம்

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெட்டிய ரப்பர் மரத்தை வைத்திருக்க முடியாது. சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். அதனால் பச்சையாகவே அறுக்க வேண்டியிருக்கிறது. பச்சை மரத்தில் மிச்சமிருக்கும் பால் பல்லிலும் டயரிலும் ஒட்டிக் கெட்டியாகிறது. பிசின் படிந்த பிளேடு கூராக இருந்தாலும் மழுங்கியது போலத்தான் நடந்துகொள்ளும். சாணைக்கு அனுப்பும் முன் கழுவிப் பாருங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால், இயந்திரத்தை நிறுத்தி, பிளேடைக் கழற்றி வைத்துத் துடைப்பது போதும். டயரில் மண்ணெண்ணெய் படக்கூடாது, அது ரப்பரைக் கெடுக்கும். டயருக்கு ஈரத்துணியும் நார் பிரஷும் போதும். துடைத்த துணியை மரத்தூள் குவியலில் போடாதீர்கள்.

அடுத்தது மரத்துக்குள் இருக்கும் இரும்பு. பால் வழிய அடித்த தகர ஓடு, கோப்பை தாங்கிய கம்பி ஆகியவற்றில் சில, ஆண்டுகள் போகப் போகப் பட்டைக்குள் புதைந்துவிடும். பால் வெட்டிய பகுதி வரும் அடிக்கட்டையை அறுக்கும் முன் பட்டையைச் செதுக்கிப் பார்ப்பதும், ஒரு கை உலோகக் கண்டுபிடிப்பானால் தடவுவதும் நல்லது. ஒரு கம்பித் துண்டு ஒரு நொடியில் ஒரு பக்கத்துப் பற்கள் அத்தனையையும் தின்றுவிடும்.

மூன்றாவது, ரப்பர் மரத்துக்குள் இருக்கும் இழுவிசை. அறுக்க அறுக்கப் பலகை வளைந்து, வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். நார் நாராகப் பிசிறும் வரும். அப்போது பலம் போட்டுத் தள்ளக்கூடாது. நிறுத்தி, வெட்டுக்குள் ஒரு மர ஆப்பைச் செருகிவிட்டுத் தொடருங்கள்.

மற்ற மரங்களைப் பற்றிச் சுருக்கமாக: சிவப்பு மெராந்தி பிளேடுக்கு நண்பன். வெள்ளை மெராந்தியில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் பல் வேகமாக மழுங்கும். கெருயிங்கில் பிசினும் உண்டு, சிலிக்காவும் உண்டு. பெரிய ஆலைகள் பல்நுனியில் ஸ்டெலைட் என்ற கெட்டி உலோகத்தை ஏற்றி அறுப்பது இதற்காகத்தான்.

பிளேடு மாட்டும் ஒழுங்கு

வரிசை தவறினால் வேலை இரட்டிப்பாகும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு இழுப்பைத் தளர்த்தி, மேல், கீழ் கைடுகள் எல்லாவற்றையும் பிளேடிலிருந்து விலக்குங்கள். டயரைச் சுத்தம் செய்து பிளேடை மாட்டி, பாதி இழுப்புக் கொடுங்கள். மேல்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சாய்வைத் திருத்தினால், பிளேடு டயரின் நடுவில் வந்து நிற்கும். இது சிறிய இயந்திரத்துக்கு. ஆலையின் அகலப் பிளேடில் பல் சக்கரத்தின் விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும். பிறகு முழு இழுப்பு. கடைசியில்தான் கைடு. பலர் கைடை முதலில் இறுக்கிவிட்டு, பிளேடு ஏன் நேராக ஓடவில்லை என்று தலையைச் சொறிகிறார்கள்.

பக்கக் கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு ரசீதுத் தாள் நுழையும் இடைவெளி இருக்கட்டும். கைடு பல்லைத் தொடக்கூடாது. பள்ளத்துக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். பின் பேரிங் சும்மா ஓடும்போது சுற்றக்கூடாது, மரம் தள்ளும்போது மட்டும் சுற்ற வேண்டும். இழுப்பை அறிய இயந்திரத்தில் இருக்கும் அளவுகோலை மட்டும் நம்பாதீர்கள், அதன் ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்துவிடும். நிறுத்திய இயந்திரத்தில் மேல் கைடை 6 அங்குலம் உயர்த்தி, பிளேடின் பக்கத்தை விரலால் மிதமாக அழுத்துங்கள். கால் அங்குலம் அளவுக்கு விலகினால் சரி.

நாள் முடிந்ததும் இழுப்பைத் தளர்த்துவது பலரும் விட்டுவிடும் பழக்கம். இழுத்தபடி நாள்கணக்கில் நிறுத்தினால் டயரில் அமுங்கிய பள்ளம் விழும், ஸ்பிரிங் களைக்கும். தளர்த்தியபின் 'இழுப்பு இல்லை' என்று ஓர் அட்டையை சுவிட்சில் மாட்டுங்கள். மறுநாள் காலை வேறொருவர் வந்து அப்படியே ஓட்டினால் ஆபத்து.

மாற்றுப் பிளேடு வாங்க நீளம் தெரியாவிட்டால், இரு சக்கர மையங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, அதோடு சக்கர விட்டத்தை 3.14ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 14 அங்குலச் சக்கரம், மையத்தூரம் 24¾ அங்குலம் என்றால் 93½ வரும். இழுப்புத் திருகை நடுவில் வைத்து அளங்கள்.

ஆட்டிறைச்சிக் கடையில் எலும்பு வெட்டும் இயந்திரமும் பேண்ட்சாதான். டயர், கைடு, இழுப்பு பற்றிச் சொன்னது அதற்கும் பொருந்தும். ஆனால் அதன் பிளேடு வேறு, அதைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும்.

கையும் சட்டமும்

மரம் அறுக்கும்போது கையுறை வேண்டாம். பல் மாட்டினால் கையுறையோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். கழற்றிய பிளேடைத் தூக்கும்போது மட்டும் கையுறை கட்டாயம். சுருட்டிய பிளேடு கட்டை அவிழ்த்ததும் பாம்பு போல விரியும், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். மேல் காப்பு மரத்துக்குக் கால் அங்குலம் மேலே நிற்கும்படி இறக்குங்கள். உருண்டைக் கட்டையைத் தாங்கு கட்டை இல்லாமல் அறுக்காதீர்கள், பிளேடு அதை உருட்டிக் கையை உள்ளே இழுக்கும். கடைசி நான்கு அங்குலத்தை விரலால் தள்ளாமல் தள்ளுகோலால் தள்ளுங்கள். சுவிட்சை அணைத்த பின்னும் சக்கரம் சிறிது நேரம் சுற்றும். அது முழுதாக நிற்கும் வரை கதவைத் திறக்கக்கூடாது. பிளேடு அறுந்தால் பக்கவாட்டில் பாயலாம் என்பதால் உதவிக்கு இருப்பவரை இயந்திரத்தின் வலப்பக்கம் நிறுத்தாதீர்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது, ஆகவே முகக்கவசம் வெறும் அலங்காரம் இல்லை.

விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். விரல் நேரடியாக ஐஸைத் தொடக்கூடாது, திசு கெட்டுவிடும்.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகலாம் என்று அது சொல்கிறது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். காப்பு இல்லாத இயந்திரத்தில் வேலை செய்யச் சொன்னால் பேசுவதற்கு இது ஒரு பிடிமானம்.

விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலையிட விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுயதொழில் சமூகப் பாதுகாப்புத் திட்டம் தனியாக உண்டு. அதில் நீங்களாகப் பதிந்து சந்தா கட்டினால்தான் காப்பு கிடைக்கும். அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் அடையாள அட்டையைக் கொடுத்து, உங்கள் பெயர் எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.